கறுப்பு வேண்டாமெண்டால் வெள்ளை

1

என் மகளோடு பஸ்ஸில் போவதில் எனக்கொரு வசதி உண்டு. என்னை யாரும் பார்ப்பதில்லை.

நியூசிலாந்தில் இந்த ஒக்லாந்துக்கு வந்து இருபத்திநான்கு வருஷம். அதில் பெரும்பகுதி என்னைத்தான் பார்த்தார்கள். பொட்டைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைச் சேலையைப் பார்த்தார்கள். மழையில் அந்தச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டச் சப்பாத்தோடு பஸ்ஸைத் துரத்துவதைப் பார்த்தார்கள். இப்போது அந்தப் பார்வைகள் எல்லாம் என் தோளைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்குப் போய்விடுகின்றன. அங்கே அபி இருக்கிறாள். கவிழ்த்து வைத்த பூவைப் போல விரிந்து நிற்கும் கறுப்புச் சட்டை. கழுத்துவரை பொத்தான். மணிக்கட்டில் லேஸ். தாடைக்குக் கீழே நாடாவால் முடிச்சிட்ட தொப்பி. மடியில் கறுப்பு லேஸ் குடை. வட்ட மூக்குச் சப்பாத்து. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பீங்கான் பொம்மை ஒன்று, யாருடைய செத்த வீட்டுக்கோ புறப்பட்டுவந்து, லின்ஃபீல்டில் பஸ் ஏறிவிட்டது போல இருக்கும்.

இது ஜப்பானில் தெருவில் பிறந்த உடுப்பு. அங்கே இளம் பெண்கள் பழைய ஐரோப்பாவின் பொம்மைகளையும் துக்க உடையையும் ஒன்றாகக் கலந்து, தாங்களே தைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்களாம். அது கடல் கடந்து இங்கே வந்து, இருபது வயதில் கணினி படிக்கும் என் மகளையும் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். அபி கதைப்பது ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவளாகத் தமிழில் சொன்ன இடங்களைச் சொல்லிவிடுவேன். அவை அதிகமில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எதிரே இருந்த பொடியன்கள் நாலு பேர் தங்களுக்குள் சிரித்தார்கள். ஒருவன் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தான். அபி அசையவில்லை. இறங்கும்போது அவர்களைப் பார்த்து, "படத்தில் என் குடை வெட்டுப்பட்டிருக்கும். இன்னொன்று எடுங்கள், விரித்துக் காட்டுகிறேன்" என்றாள். பொடியன் சிவந்துபோனான்.

நான் அவள் வயதில் சிவந்துபோகிற பக்கத்தில் இருந்தவள்.

2

ஒனேஹங்காவில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் அரைக்கும் வேலைத்தலம் ஒன்றில் வேலை செய்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, இரண்டும் ஒன்றாய் மங்குகிற நடுவயதுப் பார்வை. நாள் முழுக்க மற்றவர்கள் பார்ப்பதற்கான கண்ணாடியைத் தேய்ப்பவள் நான். அதனாலோ என்னவோ, அபிக்குப் பின்னால் நாலு அடி விட்டு நடக்கையில் உடுப்பை விட்டுவிட்டு, பார்க்கிறவர்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். தாய்மார் கையைப் பிடித்து இழுப்பார்கள். வெள்ளைக்காரக் கிழவிகள் நேரே வந்து லேஸைத் தொட்டுப் பார்ப்பார்கள், கேட்காமலே. வயதான ஆண்கள் வானத்தைப் பார்ப்பார்கள். டெய்ரி என்று இங்கே சொல்லுகிற எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர் குஜராத்தி. பால் போத்தலைக் கொடுத்துக்கொண்டே, "நாடகம் எப்போது மகள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் அபி, "இன்றைக்குத்தான் அங்கிள்" என்பாள். அவர் இன்னும் டிக்கெட் கேட்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் கவிதா கோயம்புத்தூர்க்காரி. என் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வாடகைக்கு எடுப்போம் பாருங்கக்கா, அந்த மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு?" என்றாள்.

"எதுக்கு எண்டு நானும் கேட்டனான்."

"என்ன சொன்னா?"

"நீங்கள் சேலை எதுக்குக் கட்டுறியள் எண்டு கேட்டாள்."

"ஆமா, எதுக்குக் கட்டுறோம்?" என்றாள் கவிதா. பிறகு இயந்திரம் கூவியது, இருவரும் வேலைக்குத் திரும்பினோம்.

வாடகை உடுப்பு, வேஷம், நாடகம். இந்தச் சொற்கள்தான் அபிக்குச் சுடும். இரவல் வாங்கியதல்ல. தையல் மெஷினில் ஊசி உடைத்து, விரலில் குத்துவாங்கி, பிரித்துப் பிரித்துத் தைத்தது. ஊரில் எங்களுக்கு உள்பாவாடை வெளியே தெரிந்துவிட்டால் அன்றைய நாளே போய்விடும். தோழிமார் கண்ணைக் காட்டுவார்கள், மதிலோரம் ஒதுங்கிச் சரிசெய்வோம். இவள் உள்பாவாடைக்கு மூன்று அடுக்கில் லேஸ் வைத்து, அது எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணாடியில் சரிபார்த்துவிட்டு வெளியே போகிறாள். முதல் மாதங்களில் என் கை தானாக நீளும், இழுத்து மறைப்பதற்கு. கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வதனியின் தொலைபேசி வரும்வரை.

3

வதனி என் கணவரின் தங்கை. ஹில்ஸ்பரோவில் இருக்கிறாள். அவளுடைய மகள் தாரணி பெரிய பிள்ளையாகிவிட்டாள், பள்ளி விடுமுறையில் சாமத்திய வீடு. மண்டபம் எடுத்தாயிற்று, மேடை அலங்காரக்காரர் பேசியாயிற்று, பல்லக்கு வருகிறது.

அபி சின்னவளாக இருந்தபோது கேட்டிருக்கிறாள்: "கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு. எல்லாம் வீடு என்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஏன் மண்டபத்துக்குப் போகிறோம்?" வீடென்று சொன்னால் வீடு வந்துவிடும் என்று நம்புகிற சனம் நாங்கள்.

"அண்ணி, தாரணி ஒரே பிடியில நிக்கிறாள்" என்றாள் வதனி. "தட்டு வரிசையில முதல் தட்டு அபி அக்காதான் தூக்க வேணுமாம். இல்லாட்டித் தான் பல்லக்கில ஏற மாட்டாளாம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். அபி வரட்டும், எங்கட பிள்ளைதானே. ஆனா அந்தக் கறுப்பு உடுப்பு..." அவள் குரலைத் தாழ்த்தினாள், தன் வீட்டில் தனியே இருந்துகொண்டு. "நல்ல காரியத்தில கறுப்பு வேண்டாம் அண்ணி. சனம் என்னைத்தான் கதைக்கும். நீங்கள் சொன்னாக் கேப்பாள்."

நான் சொன்னால் கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அபியிடம் சொன்னேன். சமையலறை மேசையில் ஒரு தொப்பிக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, தாருவுக்கு என்ன உடுப்பு என்று யாராவது அவளைக் கேட்டார்களா? மூன்று தரம் மாற்றுகிறார்கள். தலைமுடி ஒட்டுகிறார்கள், முகம் முழுக்கப் பூசுகிறார்கள், தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது சரி. நானே தைத்து நானே போட்டால் அது சனம் கதைக்கிற விஷயம்."

"அது சடங்கு, அபி."

"சரி. நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. நானாக வர முடியாத இடத்துக்கு நான் எதற்கு? தாருவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த முறைகளிலும் என்னைக் கூப்பிட வேண்டாம்."

அந்தக் கடைசி வசனம் எனக்குள் இறங்கிப்போய் உட்கார்ந்துகொண்டது. இங்கே பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டு விலகுவதில்லை. ஒரு கொண்டாட்டத்துக்கு வரமாட்டார்கள். அடுத்ததற்குப் படிப்பு. அதற்கடுத்ததற்கு வேலை. பிறகு வேறு நகரம். ஒருநாள் நாம் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவோம், சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று கேட்டுக்கொண்டு. எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் இப்படித்தான் நடந்தது. அந்தத் தட்டு வரிசையில் என் மகள் நிற்கிறாளா இல்லையா என்பதுதான், அவள் எங்களோடு இருக்கிறாளா இல்லையா என்பதாக எனக்குத் தோன்றியது. மிகைதான். நடுவயதில் இப்படித்தான் சின்னக் கதவுகளில் பெரிய வீடுகள் தெரிகின்றன.

4

என்னுடைய சடங்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. போரில் இடம்பெயர்ந்திருந்தோம். வாங்குகளைச் சுவரோரம் தள்ளி, கரும்பலகைக்கு முன்னால் ஒரு கதிரை வைத்தார்கள். பலகையில் யாரோ போட்ட கணக்கு அழியாமல் கிடந்தது. யாரோ கொடுத்த இரவல் சேலை, எனக்கு இரண்டு மடங்கு நீளம். ஊசியால் குத்திக் குத்தி என்னைச் சுற்றினார்கள். மூச்சு விட்டால் ஏதாவது ஒன்று குத்தும். பவுடர் வியர்வையில் ஓடியது.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "பொம்மை மாதிரி இருக்கிறாள்."

அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் பெண்களைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி அதுதான். அசையாமல் இரு, கண்ணை நிலத்தில் வை, பொம்மை மாதிரி இரு. அந்தக் கதிரையில் இருந்தபோது ஒரு ஆசை வந்தது. எழும்பி அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று. விடை எனக்குத் தெரியும். எழும்பவில்லை. ஊசிகள் குத்தும்.

படம் எடுக்க ஆளில்லை. அதனால் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

5

ஒரு வாரம் கழித்து அபி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமிக்குப் பிரச்சினை கறுப்புத்தானே? உடுப்பு இல்லையே?"

"கறுப்பு எண்டுதான் சொன்னவ."

"கறுப்பில்லாமல் ஒன்று தைத்தால்?"

தாரணி அழுதிருக்கிறாள் போல. இரண்டு பேரும் ஃபோனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அபி தன் நிலத்திலிருந்து ஒரு அடி நடந்து வந்திருந்தாள். நானும் ஒரு அடி வைக்க வேண்டுமே. "நான் லேஸ் வாங்கித் தாறன்" என்றேன்.

ஒடாஹுஹுவுக்குப் போனோம். அங்கே துணிக்கடைகளில் பசிபிக் தீவுக்காரர்கள் தேவாலய உடுப்புகளுக்கு வாங்கும் லேஸ் மலைமலையாகக் கிடக்கும். அபி கறுப்பில்தான் வந்திருந்தாள், தொப்பியும் குடையுமாக. வாசலில் காவலுக்கு நின்ற பெரிய உடம்புக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் மார்பில் கையை வைத்து, "மகளே, தொப்பி பிரமாதம்" என்றார். உள்ளே ஒரு சமோவா அம்மா துணியை அளந்து முடித்துவிட்டு அபியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "எந்தத் தேவாலயம்?"

"தேவாலயம் இல்லை. சும்மா."

"சும்மாவே இப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வாய்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அரைமணி நேரம் அந்த அம்மா மடிப்பு எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று கேட்டு, தொப்பி விளிம்புக்குத் தான் என்ன செய்வேன் என்று சொல்லி, கடைசியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தார். பால் போல வெள்ளை. அதில் வெள்ளை நூலாலேயே சின்னச் சின்னப் பூக்கள். அபி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நான் அதைப் பார்த்தேன். "இதையே எடு" என்று சொன்னது நான்தான்.

மூன்று கிழமை வீட்டில் மெஷின் சத்தம். இவர், என் கணவர், கதவில் எட்டிப் பார்த்து, "வடிவா இருக்குப் பிள்ளை" என்பார். பிறகு ஏதோ சொல்ல வந்ததை விழுங்கியதுபோல நிற்பார். பிறகு போய்விடுவார். அபி என்னிடம் ஊசியில் நூல் கோர்க்கக் கொடுத்தாள். விளிம்பில் கொஞ்சம் தைக்கவும் விட்டாள், பிறகு அதைப் பிரித்துத் தானே தைத்தாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கறுப்பு இல்லை, கறுப்பு இல்லை என்று எனக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

6

மண்டபத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. நெருப்புக் கூடாது, புகை கூடாது. கூரையில் உள்ள கருவி அலறினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அதனால் ஆராத்தித் தட்டுகளில் வாழைப்பழத்தின் மேல் திரிக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் குட்டி விளக்குகள். ஆராத்தி எடுக்கும்போது ஒன்று அணைந்தால் அடியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கெல்லாம் நாங்கள் பழகிவிட்டோம்.

வாசலில் சந்தனம், குங்குமம், மஞ்சள், கற்கண்டு வைத்த தட்டோடு ராசமக்கா நின்றார். எங்கள் சனத்தில் எந்தச் சடங்கென்றாலும் எது முன், எது பின் என்று சொல்லுவது அவர்தான். அவர் வராத வீட்டில் கொண்டாட்டம் முடிந்தும் யாருக்கும் நிம்மதி வராது.

அபி காரிலிருந்து இறங்கினாள். குடையை விரித்தாள். தலையிலிருந்து சப்பாத்துவரை வெள்ளை. வெயில் அவள்மேல் பட்டு, பார்க்கக் கண் கூசியது. எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

ராசமக்கா சந்தனம் தொட்ட விரலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சுகந்தி" என்றார் என்னைப் பார்த்து. "உமக்குமா தெரியாது?"

"என்னக்கா?"

"குமர்ப்பிள்ளை. முதல் தட்டு. முழு வெள்ளையில கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறீர்."

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது.

அந்த வகுப்பறையின் யன்னலுக்கு வெளியே ஒருத்தி நின்றாள். பெரியப்பாவின் மகள் சந்திராக்கா. அவளுடைய புருஷன் ஷெல்லடியில் போய் ஒரு வருஷம் ஆகவில்லை. சின்ன வயது. வெள்ளைச் சீலை. சடங்குக்கு உள்ளே வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளே வெளியே நின்றுகொண்டாள். யன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளை என்றால் எங்களிடத்தில் அதுதான். செத்த வீட்டு வாசலில் கட்டுகிற வெள்ளை, தெருவில் கட்டுகிற வெள்ளை, தலைமாட்டில் விரிக்கிற வெள்ளை. இதெல்லாம் எனக்கு எங்கே போயிற்று? இருபத்திநான்கு வருஷம் வெள்ளை உடுத்த மணப்பெண்களைக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். தேவாலயத்துக்குப் போகும் வெள்ளைத் தொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். என்னையறியாமல் அந்த நிறம் எனக்குள்ளே குடியுரிமை மாற்றிக்கொண்டுவிட்டது.

வதனி பட்டுச் சேலை சரசரக்க ஓடி வந்தாள். அபியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அண்ணி, நான் என்ன கேட்டனான், நீங்கள் என்ன செய்திருக்கிறியள்?" என்றாள். "சரி, சரி. உள்ளுக்குத் தாரணியின்ர மற்றச் சீலை ஒண்டு இருக்கு. கெதியா மாத்துவம்."

அபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, என்ன? கறுப்பு இல்லையே" என்றாள்.

சொன்னேன். வெள்ளைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று இரண்டு வரியில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் குடையை மடக்கினாள். மெல்ல, ஒவ்வொரு கம்பியாக. பிறகு தமிழில் சொன்னாள்: "நான் கார்ல இருக்கிறன். நீங்கள் போங்கோ."

அவள் திரும்பினாள். நான் அந்தக் கணத்தை இப்போதும் கையில் வைத்துப் பார்க்கிறேன். காருக்கு ஐந்தாறு எட்டுத்தான். ஆனால் அந்தக் கார்க் கதவு சாத்தினால் பிறகு எத்தனையோ கதவுகள் சாத்தும் என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. ஒலிநாடா மேளந்தான்.

"ராசமக்கா" என்றேன். "புது உடுப்புக்கு மஞ்சள் வைச்சால் அது என்ன உடுப்பு?"

அவர் என்னை முறைத்தார். "என்ன கேள்வி இது?"

"தீபாவளிக்கு எடுக்கிற வேட்டியும் வெள்ளைதானே. மூலையில மஞ்சள் வைச்சுத்தானே உடுக்கக் குடுக்கிறம். வைச்சால் அது நல்ல காரியத்துக்கு ஆகுமோ ஆகாதோ?"

சட்டம் ராசமக்காவுடையது, அவரால் அதை மீற முடியாது. தட்டைப் பார்த்தார், அபியின் முதுகைப் பார்த்தார். "ஆகும்" என்றார். பிறகு, கொடுத்ததை அரைகுறையாகக் கொடுக்க மனமில்லாதவர் போல, "ஆனா ஒளிச்சு வைக்கிறேல்ல. மண்டபத்தில எல்லாருக்கும் தெரியிற மாதிரி வைக்க வேணும்" என்றார்.

"அபி, கொஞ்சம் நில்" என்றேன்.

அவளிடம் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். மஞ்சளைப் பற்றி அவளுக்குத் தெரியும், என் சமையலறையில் வளர்ந்தவள். குனிந்து அந்த லேஸைப் பார்த்தாள். வெள்ளையில் வெள்ளைப் பூக்கள். மூன்று கிழமை. பிரித்துப் பிரித்துத் தைத்த விளிம்பு.

"அது போகாது" என்றாள்.

"போகாது."

"வேண்டாம் என்று சொன்னால்?"

"நானும் உன்னோட கார்ல இருக்கிறன்."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது, வந்தபின் அது உண்மைதான் என்று தெரிந்தது. வதனிக்குக் கேட்டிருக்கும்.

அபி சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து விரித்தாள். "இங்கே."

ராசமக்கா தட்டோடு கிட்ட வந்தார். விரலில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு மூலையைத் தேடினார். அது வட்ட உடுப்பு. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூலை எங்க பிள்ளை?"

"மூலை இல்லை" என்றாள் அபி, தமிழில்.

"மூலை இல்லாத உடுப்பை நான் எங்கயெண்டு கண்டன். சரி, அப்ப நாலு பக்கமும் வைப்பம். திரும்பு."

அபி திரும்பினாள். கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி. கண்ணாடி முன்னால் திரும்புவது போல, குதிகாலில். நாலு பக்கமும் நாலு விரற்பொட்டு. கடைசிப் பொட்டை வைத்துவிட்டு ராசமக்கா நிமிர்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இப்ப போய்த் தட்டைத் தூக்கு. தொப்பியைக் கழட்டாதை, உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

7

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. சனம் பார்த்தது, கதைத்தது. வீடியோக்காரத் தம்பி அபியிடம் இரண்டு தரம் வந்து, "அக்கா, கொஞ்சம் அங்கால நிக்கிறியளே, பிரேமுக்க வாறியள்" என்றார். ஆல்பம் வந்தால் அதில் அவளுடைய குடையின் நுனி மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். வதனி சாப்பாட்டு நேரம்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் தாரணியைப் பார்த்தேன். சிவப்புப் பட்டில், ஒட்டுச் சடையில், நெற்றி மறையும் நகையில், பல்லக்கில் கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். அசையாமல் இரு என்று சொல்லியிருப்பார்கள். முன்னால் முதல் தட்டோடு நடந்த அபி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தாரணி பல் தெரியச் சிரித்துவிட்டாள். "மேக்கப் வெடிக்கும்" என்று அலங்காரக்காரப் பெண் பக்கவாட்டில் ஓடி வந்தாள். தாரணி சிரிப்பை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பில் பதின்மூன்று வயது அப்படியே வெளியே வந்து விழுந்தது.

கேக் வெட்டுவதற்கு மூன்றாவது உடுப்பு. ஊதா நிறத்தில் குடை போல விரிந்த நீளச் சட்டை, உள்ளே வளையம் வைத்த பாவாடை, தலையில் கிரீடம். என் பக்கத்து மேசையில் இருந்த யாரோ ஒரு அம்மா வதனியிடம், "அட, அண்ணற்ர மகளின்ர மாதிரியே தைப்பிச்சிருக்கிறியள்" என்றார், நல்லெண்ணத்தோடுதான்.

"இது வேற, அது வேற" என்றாள் வதனி. பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேக் கத்தியைத் தேடப் போனாள்.

திரும்பி வரும்போது காரில் இவர் சொன்னார்: "நான் துணியைப் பார்த்த அண்டைக்கே யோசிச்சனான், வெள்ளையாக் கிடக்கே எண்டு."

"பிறகேன் சொல்லேல்ல?"

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து தைச்சுக்கொண்டிருந்தியள். எத்தினை வருஷத்துக்குப் பிறகு. அதைக் கெடுக்கச் சொல்லுறீரோ?"

பின் இருக்கையில் அபி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை குளியலறைத் தொட்டியில் அவளே உடுப்பைக் கையால் கசக்காமல் நனைத்தாள். நான் வாசலில் நின்றேன். சவர்க்காரத்துக்கு மஞ்சள் அசையவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை.

"அபி, மஞ்சளை சவர்க்காரம் எடுக்காது, வெயில் எடுக்கும். நல்ல வெயிலில ரெண்டு நாள் காயப் போட்டால் வெளுத்துப் போயிடும். நேற்று உனக்குச் சொல்லியிருக்க வேணும். எனக்கு அந்த நேரம் நினைவு வரேல்ல."

"உண்மையாகவா? முழுதாகவா?"

"முழுதா. இஞ்சத்தை வெயிலுக்கு ஒரு நாளே போதும்."

அவள் உடுப்பைத் துவாயில் சுற்றித் தண்ணீரை எடுத்துவிட்டு, கொழுவியில் மாட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். துணி காயப்போடும் கம்பிகள் நடுவில், நிழலே இல்லாத இடத்தில் நின்றன. இந்த நாட்டு வெயில் உங்களுக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் தோலைக் கடிக்கும். அவள் கொழுவியைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உடுப்பு காற்றில் மெல்லச் சுழன்றது. ஒரு பொட்டு, இன்னொரு பொட்டு.

பிறகு திரும்பி வந்தாள். என்னைத் தாண்டி, இவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"அப்பா, காரைக் கராஜுக்கு வெளியில விடுங்கோ. இதை வெயில் படாமல் உள்ளுக்குக் காயப் போட வேணும்" என்றாள், தமிழில்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.